பாரிஸ் மாநகரில் ஓடிய கல்கத்தா வீரர் நார்மன் பிரிச்சர்ட்

(பத்தாம் வகுப்பு மாணவி, காலாப்பட்டு)

முன்னுரை

2024-ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் ஒலிம்பிக் விளையாட்டுகள் நடைபெற்றன. அதில் துப்பாக்கி சுடும் போட்டியில் நம் நாட்டு மனு பாக்கர் இரண்டு வெண்கலப் பதக்கங்களைப் பெற்றார். ஒரே ஒலிம்பிக்கில் இரண்டு பதக்கங்கள் வென்றவர், விடுதலைக்குப் பின் இவரே முதல்வர் என்று செய்தித்தாள்கள் புகழ்ந்தன. எங்கள் வீட்டில் அதை நான்தான் உரக்கப் படித்துக் காட்டினேன். படிக்கும்போதே ஓர் ஐயம் எழுந்தது. விடுதலைக்குப் பின் என்று ஏன் எழுதுகிறார்கள்? அப்படியானால் விடுதலைக்கு முன்பே ஒருவர் இரண்டு பதக்கங்கள் வென்றிருக்க வேண்டும் அல்லவா? அவர் யார்?

அவர்தான் நார்மன் பிரிச்சர்ட். கல்கத்தாவில் பிறந்தவர். 1900-ஆம் ஆண்டு அதே பாரிஸ் மாநகரில், தடை தாண்டும் ஓட்டத்தில் ஒன்றும் சாதாரண ஓட்டத்தில் ஒன்றுமாக இரண்டு வெள்ளிப் பதக்கங்கள் பெற்றவர். ஆசிய மண்ணில் பிறந்து ஒலிம்பிக் பதக்கம் பெற்றவர்களில் முதல்வராகக் கருதப்படுபவர். ஆயினும் அந்தப் பதக்கங்கள் இந்தியாவைச் சேர்ந்தவையா, இங்கிலாந்தைச் சேர்ந்தவையா என்ற வழக்கு இன்றுவரை ஓயவில்லை. இவருடைய வாழ்க்கையை இக்கட்டுரையில் காண்போம்.

பிறப்பும் கல்வியும்

நார்மன் கில்பர்ட் பிரிச்சர்ட் 1875-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர்கள். அக்காலத்தில் கல்கத்தா, ஆங்கிலேயர் ஆண்ட இந்தியாவின் தலைநகரமாக விளங்கியது. ஹூக்ளி நதிக்கரையில் கப்பல்களும் வணிக நிலையங்களும் நிறைந்திருந்த அந்நகரில் கால்பந்து, கிரிக்கெட், ஓட்டப்பந்தயம் ஆகிய அனைத்தும் செழித்து வளர்ந்தன.

இவர் பயின்றது கல்கத்தாவின் தூய சவேரியார் கல்லூரியில். இயேசு சபைத் துறவியர் 1860-இல் தொடங்கிய கல்லூரி அது. திருச்சியில் தூய வளனார் கல்லூரியையும் சென்னையில் லயோலா கல்லூரியையும் நிறுவியவர்களும் அச்சபையினரே. படிப்போடு விளையாட்டும் மாணவரைப் பண்படுத்தும் என்பது அத்துறவியரின் கொள்கை. நம் பள்ளியில் மாலை மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு மைதானத்துக்குப் போகச் சொல்லும் நம் சகோதரிகளும் இதே கொள்கையினர் என்பதை நாம் அறிவோம்.

கல்கத்தா மைதானத்தில்

பிரிச்சர்ட் முதலில் புகழ் பெற்றது கால்பந்தில்தான். 1897-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் சோபாபஜார் அணிக்கு எதிரான ஆட்டத்தில், சவேரியார் கல்லூரி அணிக்காக இவர் தொடர்ந்து மூன்று கோல்கள் அடித்தார். இந்தியாவில் பொதுப் போட்டி ஒன்றில் ஒருவரே மூன்று கோல்கள் அடித்தது அதுவே முதல் முறை என்று கால்பந்து வரலாறு குறிக்கிறது.

ஓட்டத்திலோ இவருக்கு இணை எவரும் இல்லை. வங்காள மாகாணத்தின் 100 கஜ ஓட்டத்தில் 1894 முதல் 1900 வரை தொடர்ந்து ஏழு ஆண்டுகள் இவரே முதலிடம் பெற்றார். 440 கஜ ஓட்டத்திலும் 120 கஜத் தடை ஓட்டத்திலும் வெற்றி கண்டார். ஒரு முறை வெல்வது அரிது. ஏழு ஆண்டுகள் தொடர்ந்து வெல்வதற்கு உடல் வலிமை மட்டும் போதாது. ஒழுங்கும் விடாமுயற்சியும் வேண்டும்.

பாரிஸ் பயணம்

1900-ஆம் ஆண்டு பிரிச்சர்ட் இங்கிலாந்து சென்றார். அங்கு ஜூலைத் திங்களில் நடந்த ஆங்கிலேயத் தடகளச் சங்கத்தின் போட்டியில் 120 கஜத் தடை ஓட்டத்தில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் பெற்றவர் அமெரிக்காவின் ஆல்வின் கிரான்ஸ்லைன். இப்பெயரைத் தோழியர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பிரிச்சர்டின் கதையில் இவர் மீண்டும் வருவார்.

இங்கிலாந்திலிருந்து பிரிச்சர்ட் பாரிசுக்குச் சென்றார். அந்த ஆண்டு அங்கு உலகக் கண்காட்சி நடந்துகொண்டிருந்தது. அதன் ஒரு பகுதியாகவே இரண்டாவது ஒலிம்பிக் விளையாட்டுகள் மே திங்கள் முதல் அக்டோபர் திங்கள் வரை நடத்தப்பட்டன. இன்று நாம் தொலைக்காட்சியில் காணும் தொடக்க விழா, ஒலிம்பிக் சுடர், ஐந்து வளையக் கொடி ஆகிய எதுவும் அப்போது இல்லை. ஓட்டப்பந்தயங்கள் புலோஞ் வனத்தில் ஒரு விளையாட்டுக் கழகத்தின் புல்தரையில் நடந்தன. தரை மேடும் பள்ளமுமாக இருந்தது. வட்டு எறிபவர்களுக்கு மரங்கள் இடையூறாக நின்றன. தாங்கள் ஓடியது ஒலிம்பிக் பந்தயம் என்பதையே அறியாமல் வீடு திரும்பியவர்களும் உண்டு.

அந்த ஒலிம்பிக்கில்தான் பெண்கள் முதன்முறையாகப் பங்கேற்றார்கள் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. வந்திருந்த ஏறத்தாழ ஆயிரம் பேரில் பெண்கள் 22 பேர் மட்டுமே. இங்கிலாந்தின் சார்லட் கூப்பர் டென்னிஸ் ஒற்றையர் ஆட்டத்தில் வென்று, தனிநபர் போட்டியில் ஒலிம்பிக் பட்டம் பெற்ற முதல் பெண்மணி ஆனார். ஆனால் ஓட்டப்பந்தயத்தில் பெண்களை ஒலிம்பிக்கில் ஓடவிட்டது 1928-இல்தான். தடை ஓட்டத்தில் 1932-இல்தான்.

இரண்டு வெள்ளிப் பதக்கங்கள்

பிரிச்சர்ட் ஐந்து பந்தயங்களில் ஓடினார். 60 மீட்டரிலும் 100 மீட்டரிலும் இறுதிச் சுற்றை எட்டவில்லை. ஜூலை 14-ஆம் நாள் 110 மீட்டர் தடை ஓட்டம் நடந்தது. அந்த நாள் பிரெஞ்சு நாட்டின் தேசியத் திருநாள். நம் புதுச்சேரியிலும் அன்று கடற்கரைச் சாலையில் உள்ள போர்வீரர் நினைவிடத்தில் மலர் வளையம் வைப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்நாளில் பிரிச்சர்ட் இறுதிச் சுற்றுக்கு வந்தும் பந்தயத்தை முடிக்கவில்லை. வென்றவர் கிரான்ஸ்லைன்.

முதல் மூன்று பந்தயங்களில் வெறுங்கையோடு நின்றவர் மனம் தளர்ந்து ஊர் திரும்பியிருக்கலாம். பிரிச்சர்ட் திரும்பவில்லை. ஜூலை 16-ஆம் நாள் 200 மீட்டர் தடை ஓட்டம் நடைபெற்றது. இது 1900, 1904 ஆகிய இரண்டு ஒலிம்பிக்குகளில் மட்டுமே இடம்பெற்ற பந்தயம். வழியில் பத்துத் தாழ்வான தடைகள். கிரான்ஸ்லைன் 25.4 விநாடிகளில் முதலாவதாக வந்தார். பிரிச்சர்ட் 26.6 விநாடிகளில் இரண்டாவதாக வந்தார். மூன்றாவதாக வந்தவர் அமெரிக்காவின் வால்டர் டியூக்ஸ்பரி.

ஆறு நாட்கள் கழித்து, ஜூலை 22-ஆம் நாள், தடையில்லாத 200 மீட்டர் ஓட்டம். இம்முறை டியூக்ஸ்பரி 22.2 விநாடிகளில் வென்றார். பிரிச்சர்ட் 22.8 விநாடிகளில் மீண்டும் இரண்டாம் இடம். ஆஸ்திரேலியாவின் ஸ்டான்லி ரௌலி மூன்றாம் இடம். இவ்வாறு ஒரே வாரத்தில் இரண்டு வெள்ளிகள் கல்கத்தாக்காரரைச் சேர்ந்தன.

வென்றவரின் வித்தை

பிரிச்சர்டைத் தடை ஓட்டத்தில் வென்ற கிரான்ஸ்லைனைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். பாரிசில் 60 மீட்டர், 110 மீட்டர் தடை ஓட்டம், 200 மீட்டர் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல் ஆகிய நான்கிலும் அவர் தனியாக முதலிடம் பெற்றார். அவரும் டியூக்ஸ்பரியும் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் பயின்றவர்கள். மைக் மர்ஃபி என்னும் புகழ்பெற்ற பயிற்சியாளர் அங்கு இருந்தார்.

அதுவரை பலர் தடையைக் கண்டதும் கால்களை மடக்கிக்கொண்டு மேலே குதித்தார்கள். குதித்தால் உயரம் கிடைக்கும், வேகம் போய்விடும். கிரான்ஸ்லைன் முன்காலை நேராக நீட்டி, உடலை முன்னே சாய்த்து, ஓடுகிற ஓட்டத்திலேயே தடையைக் கடந்தார். இன்று உலகெங்கும் கற்றுத்தரப்படுவது இம்முறையே. நம் விளையாட்டு ஆசிரியை தடையைக் குதிக்கக் கூடாது, ஓடிக் கடக்க வேண்டும் என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போவது எதனால் என்று இதைப் படித்த பின்புதான் எனக்குப் புரிந்தது.

கிரான்ஸ்லைன் ஓட்டத்தை விட்டபின் பயிற்சியாளர் ஆனார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாணவர்களைப் பயிற்றுவித்தார். 1916-இல் பெர்லினில் நடக்கவிருந்த ஒலிம்பிக்குக்கு ஜெர்மானிய வீரர்களை ஆயத்தப்படுத்த 1913-இல் அழைக்கப்பட்டார். முதல் உலகப் போர் மூண்டதால் அந்த ஒலிம்பிக்கே நடக்கவில்லை. பின்னர் தம் நாட்டிலும் கியூபாவிலும் பயிற்சி அளித்தார். 1928-இல் மறைந்தார். தாம் கண்ட வித்தையைத் தம்மோடு வைத்துக்கொள்ளாமல் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

நாடக மேடையும் திரையும்

பிரிச்சர்டின் வழி வேறாக அமைந்தது. பாரிசிலிருந்து கல்கத்தா திரும்பிய அவர், 1900 முதல் 1902 வரை இந்தியக் கால்பந்துச் சங்கத்தின் செயலாளராகப் பணியாற்றினார். பின்னர் 1905-ஆம் ஆண்டில் இங்கிலாந்து சென்று அங்கேயே தங்கிவிட்டார். அங்கு நாடக மேடை அவரை ஈர்த்தது. நார்மன் டிரெவர் என்ற புதுப்பெயரோடு நடிகரானார். பின்பு அமெரிக்கா சென்று, நியூயார்க்கின் பிராட்வே நாடகங்களிலும் ஹாலிவுட்டின் பேசாத படங்களிலும் நடித்தார்.

1926-இல் வெளிவந்த பேசாப்படம் ஒன்று பிரெஞ்சு அயல்நாட்டுப் படையினரின் கதையைச் சொல்வது. அதன் பெயர் பியூ ஜெஸ்ட். அதில் இவர் பிரெஞ்சுப் படையின் மேஜராக நடித்தார். கல்கத்தாவில் பிறந்த ஆங்கிலேயர், பாரிசில் பதக்கம் வென்றவர், அமெரிக்காவில் பிரெஞ்சு அதிகாரியின் சீருடை அணிந்து நின்றார்! படம் பார்த்தவர்களில் எத்தனை பேருக்கு அவர் ஒலிம்பிக் வீரர் என்று தெரிந்திருக்கும்?

1929-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களின் இறுதியில், கலிபோர்னியா மாநிலத்தில், மூளை நோயினால் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 54.

பதக்கம் யாருக்கு?

பிரிச்சர்ட் பாரிசில் ஓடியபோது இந்தியாவுக்கென்று ஒலிம்பிக் சங்கம் இல்லை. இந்தியாவின் முதல் ஒலிம்பிக் குழு 1920-இல்தான் ஆண்ட்வெர்ப் நகருக்குச் சென்றது. இந்திய ஒலிம்பிக் சங்கம் 1927-இல் தோன்றியது. எனவே அவர் எந்த நாட்டுக்காக ஓடினார் என்பதற்குத் தெளிவான விடை அன்றே இல்லை. இங்கிலாந்தின் போட்டியில் ஓடியபின் பாரிஸ் சென்றதால் அவர் இங்கிலாந்துக்கே உரியவர் என்பர் சிலர். கல்கத்தாவில் பிறந்து, வளர்ந்து, பயின்று, ஓடக் கற்றவர் ஆதலால் இந்தியருக்கே உரியவர் என்பர் பலர். உலகத் தடகளக் கூட்டமைப்பு பிற்காலத்தில் தன் புள்ளிவிவர நூலில் அவரை இங்கிலாந்தோடு சேர்த்தது. பன்னாட்டு ஒலிம்பிக் குழுவோ அவருடைய இரண்டு வெள்ளிகளையும் இந்தியாவின் கணக்கில் வைத்திருக்கிறது.

புதுச்சேரியில் பிறந்த நமக்கு இந்த வழக்கு புதிதன்று. 1962-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 16-ஆம் நாள் நம் ஊர் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தது. அப்போது இங்குள்ளவர்கள் விரும்பினால் ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளலாம் என்று ஏற்பாடு இருந்தது. என் கொள்ளுத்தாத்தா கையெழுத்திடவில்லை. அவர் தம்பி கையெழுத்திட்டார். அவர் பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்தவர். அவரைப் போன்றவர்களை நம் ஊரில் சொல்தா என்று அழைப்பது வழக்கம். ஒரே தாய் வயிற்றில் பிறந்து, ஒரே கிணற்றில் நீர் இறைத்து வளர்ந்த அண்ணனும் தம்பியும் ஒரே நாளில் வெவ்வேறு நாட்டினர் ஆனார்கள். இன்று அத்தம்பியின் பேரப்பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். கல்லறைத் திருநாளுக்கு யாராவது வந்தால் அண்ணன் தம்பி இருவருடைய கல்லறைக்கும் சேர்த்தே மெழுகுவர்த்தி ஏற்றுவோம்.

சின்னக் கொள்ளுத்தாத்தா யாருடைய ஆள் என்று ஒருநாள் பாட்டியிடம் கேட்டேன். அவர் அனுப்பிய பணத்தில்தான் உன் தாத்தா படித்தார், அதற்கு மேல் என்ன கணக்கு வேண்டும் என்று பாட்டி சொல்லிவிட்டுத் தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

அப்பதிலை நான் பிரிச்சர்டுக்கும் பொருத்திப் பார்த்தேன். ஒருவர் யாருக்கு உரியவர் என்பதை அவருடைய கடவுச்சீட்டு ஓரளவுக்குத்தான் சொல்லும். அவர் யாருக்கு என்ன விட்டுச் சென்றார் என்பதே மீதியைச் சொல்லும்.

நீண்ட இடைவெளி

பிரிச்சர்ட் நமக்கு இரண்டு பதக்கங்களை விட்டுச் சென்றார். அது பெரும் கொடையே. ஆனால் ஓடும் வித்தையை இந்நாட்டுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அவர் இங்கே இருக்கவில்லை. அவரைக் குறை கூறுவது என் நோக்கமன்று. மேடையைத் தேர்ந்தது அவர் விருப்பம். அன்றைய கல்கத்தாவில் பெரிய மைதானங்களும் சங்கங்களும் பெரும்பாலும் ஆங்கிலேயரிடமே இருந்தன. அவர் தங்கியிருந்தாலும் ஏழைப் பிள்ளைகள் அவரிடம் பயின்றிருக்க முடியுமா என்பதும் ஐயமே.

எப்படியாயினும், 1900-க்குப் பிறகு தடகளத்தில் இந்தியாவுக்கு அடுத்த ஒலிம்பிக் பதக்கம் கிடைக்க 121 ஆண்டுகள் ஆயின. 1960-இல் ரோமில் மில்கா சிங் நான்காம் இடம் பெற்றார். 1984-இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் பி.டி. உஷா 400 மீட்டர் தடை ஓட்டத்தில் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கில் வெண்கலத்தை இழந்தார். 2021-இல் டோக்கியோவில் நீரஜ் சோப்ரா ஈட்டி எறிந்து தங்கம் வென்றபோதுதான் அந்த நீண்ட காத்திருப்பு முடிந்தது.

இவர்களில் உஷாவின் கதை எனக்கு மிகவும் பிடிக்கும். அவரைச் சிறுமியாக இருந்தபோதே கண்டெடுத்து வளர்த்தவர் ஓ.எம். நம்பியார் என்னும் பயிற்சியாளர். சிறந்த பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது 1985-இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர்களில் அவரும் ஒருவர். உஷாவும் ஓய்வு பெற்றபின் கேரளத்தில் பெண் பிள்ளைகளுக்காக ஓட்டப் பயிற்சிப் பள்ளி தொடங்கினார். அவர் ஓடிய 55.42 விநாடி 39 ஆண்டுகள் இந்தியாவின் சாதனையாக நின்றது. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அதே நேரத்தில் ஓடிச் சமன் செய்தவர் நம் தமிழ்நாட்டின் கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ். அடுத்த நாள் அவர் வெண்கலமும் வென்றார்.

முடிவுரை

தோழியரே! சென்ற விளையாட்டு விழாவில் தடை ஓட்டத்தில் மூன்றாவது தடையில் கால் தட்டி விழுந்தவள் நான்தான் என்பதைப் பலர் மறந்திருக்க மாட்டீர்கள். முழங்கால் காயத்தைவிட, எல்லாரும் பார்த்தார்களே என்ற வெட்கம்தான் அதிகம் வலித்தது. இனித் தடைப் பக்கமே போவதில்லை என்று இருந்தேன். ஒலிம்பிக் இறுதிச் சுற்றில் தடை ஓட்டத்தை முடிக்காமல் நின்ற ஒருவர், இரண்டே நாளில் மறுபடியும் தடைகளின் முன் வந்து நின்று வெள்ளி வென்றார் என்று படித்தபோது என்னை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது.

இவ்வாண்டோடு பள்ளியின் பத்தாம் வகுப்பை முடிக்கிறோம். பொதுத்தேர்வு நெருங்கினாலும், வாரத்துக்கு ஒரு மாலை ஆறாம் வகுப்புச் சிறுமிகளுக்குத் தடை ஓட்டம் பழக்கிவிட முடியுமா என்று விளையாட்டு ஆசிரியை எங்களில் நால்வரைக் கேட்டார். விழுந்தவள் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்று முதலில் தயங்கினேன். எங்கே கால் தட்டும் என்று விழுந்தவளுக்குத்தான் நன்றாகத் தெரியும் என்று ஆசிரியை சொன்னதும் ஒப்புக்கொண்டேன்.

பிரிச்சர்டிடமிருந்து தோற்றபின் மீண்டும் ஓடுவதைக் கற்போம். கிரான்ஸ்லைனிடமிருந்தும் நம்பியாரிடமிருந்தும் கற்றதைக் கொடுத்துச் செல்வதைக் கற்போம். வரும் வெள்ளிக்கிழமை மாலை கடற்காற்று வீசும் நம் மைதானத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமிகள் வரிசையாக நிற்பார்கள். முதலில் அவர்களுக்குச் சொல்லப்போவது இதுதான்: முன்காலை நீட்டி, உடலைச் சாய்த்து, குதிக்காமல் ஓடிக் கடக்க வேண்டும்.